ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்

நண்பர் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் கேள்வி. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் படிவங்களையும் செல்போன் செயலியையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறாராம். ‘ரூல்’, ‘கண்ட்ரோல்’, ‘மேனேஜ்’, ‘அட்மினிஸ்டர்’ என்று நான்கு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதியைத் திறந்தால் நான்குக்கும் ஆளு, நிர்வகி, கட்டுப்படுத்து, அடக்கு என்று அதே சொற்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. எது எங்கே வரும் என்கிறார். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “எங்க அம்மா வீட்டையும் ரெண்டு பசுவையும் ஒரு துண்டு ரப்பர் தோட்டத்தையும் வருசக்கணக்கா மேனேஜ் பண்ணுறாங்க. ஆனா இந்தச் சொல்லு ஒண்ணையும் அவங்க வாயில இருந்து நான் கேட்டதில்லை.” உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அகராதியில் கிடக்கிற சொல்லும் அம்மா வாயில் இருக்கிற சொல்லும் ஏன் வேறு வேறு? எழுதும்போது எதன் பக்கம் நிற்பது?

நான் குமரி மாவட்டம் தக்கலையில் பத்திரம் எழுதுகிறவன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னமும் ‘ஆதாரம் எழுத்து’ என்பார்கள். இருபத்தெட்டு வருடமாக இதே தொழில். மொழியியல் படித்தவன் அல்ல. ஆகவே சொல்லின் வேரைப் பற்றி நான் பேசும் இடங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். எந்தச் சொல்லுக்காக யார் சண்டைக்கு வருவார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு பாட்டியம்மா மகனோடு வந்திருந்தார். பதினெட்டு சென்ட் புரையிடம் (வீட்டுமனை), அதில் ஒரு ஓட்டுவீடு, ஏழு தென்னை. மகன் பேருக்கு இஷ்டதானம், அதாவது தானப் பத்திரம், எழுத வேண்டும். ஆனால் பாட்டி இருக்கும் வரை பாட்டிக்கே உரிமை. நான் வரைவை வாசித்துக் காட்டினேன். எழுதும் வேகத்தில், “எனது ஜீவிய காலம் வரை மேற்படி சொத்தை நானே பராமரித்து வரவும்” என்று போட்டிருந்தேன். பாட்டி கையை நீட்டி நிறுத்தினார். “மக்களே, அது என்ன பராமரிச்சு?” பார்த்துக்கொள்வது என்று அர்த்தம் அம்மா என்றேன். “பாத்துக்கிடதுக்கு நான் என்ன வாட்ச்மேனா? எனக்க மாப்பிள வாங்கின மண்ணு. நான் ஆண்டு அனுபவிக்கணும். தேங்காய நான் வெட்டுவேன், நான் விப்பேன். பொறவு அவன் எடுக்கட்டு.” மாப்பிள என்றது அவர் கணவரை. மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் அடித்துவிட்டு, “நானே ஆண்டு அனுபவித்து வரவும்” என்று மாற்றினேன். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் எனக்கு அன்று ஒரு பாடம் நடத்திவிட்டுப் போனார்.

ஆள்வது என்றால் நமக்கு உடனே ராஜாவும் மந்திரியும் ஞாபகம் வருகிறார்கள். பத்திரத்தில் அது அப்படியல்ல. “தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று எழுதிக் கொடுத்தால், மூன்று சென்ட் வாங்கினவனும் ஆள்கிறவன்தான். இது பத்திர எழுத்தர்கள் கற்பனை செய்த அலங்காரம் அல்ல. தலைமுறை தலைமுறையாக வரும் நில உரிமையைத்தான் பழைய காலத்தில் ‘காணியாட்சி’ என்றார்கள். காணி என்றால் நிலம். அதில் ஒருவனுக்குள்ள உரிமை, ஆட்சி. ‘சொத்து கிடக்கு, ஆள வாரிசு இல்லை’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அங்கேயும் அதுதான். ஆக, ஆள் என்ற வினைக்குள் இரண்டு சங்கதி சேர்ந்தே இருக்கிறது: பொருள் என்னுடையது, அதன்மேல் என் சொல் செல்லும்.

இதிலிருந்துதான் நான் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன். இந்த வகைச் சொல் எதையாவது எழுதப்போகும்போது முதலில் கேட்க வேண்டியது ‘என்ன செய்கிறார்’ என்பதல்ல. ‘பொருள் யாருடையது’ என்பது. தன்னுடையதைத் தன் இஷ்டப்படி செய்தால் ஆளுகிறார். அடுத்தவருடையதை அடுத்தவருக்காகச் செய்தால் நிர்வகிக்கிறார். உரிமை யாருக்கு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லாமல், கெட்டுப்போகாமல் வைத்திருந்தால் பராமரிக்கிறார். ஆங்கிலச் சொல் இதையெல்லாம் கேட்பதில்லை, அதனால்தான் அகராதி குழம்புகிறது.

தக்கலையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. மண் தமிழ்நாட்டு மண். ஆனால் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். உள்ளே போனால் அறிவிப்புப் பலகையில் மலையாளமும் இருக்கும். இதை ‘அரண்மனை கேரளத்தின் ஆட்சியில் உள்ளது’ என்று ஒரு கட்டுரையில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். தப்பு. அங்கே ஒரு திருட்டு நடந்தால் வழக்குப் பதிவது தமிழ்நாட்டுப் போலீஸ். ‘கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் உள்ளது’ என்பதுதான் சரி. பராமரிப்பில் என்றாலும் குற்றமில்லை.

அந்த அரண்மனையிலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவே இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்தான். 1750 ஜனவரியில் தன் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் கோயில் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திருப்படித்தானம் என்பார்கள். அதற்கப்புறம் வந்த ராஜாக்கள் எல்லாம் பத்மநாபதாசர்கள். ஆள்கிறவர் பெருமாள், ராஜா காரியம் பார்க்கிறவர். பத்திரம் எழுதுகிறவன் கண்ணில் இது ஒரு அபூர்வமான தானம்: சொத்தைக் கொடுத்த பிறகும் சுவாதீனம் கொடுத்தவர் கையிலேயே இருந்தது! அரசியல் காரணங்கள் இருந்திருக்கும், அதைச் சரித்திரக்காரர்கள் பேசட்டும். சொல்லளவில் பார்த்தால், ஆட்சியை நிர்வாகமாக்கிய காரியம் அது.

சுவாதீனம் என்று ஒரு சொல் வந்துவிட்டது. நண்பரே, இதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ‘சொத்தைச் சுவாதீனம் ஒப்படைத்தேன்’ என்றால், என் பிடியில் இருந்ததை உன் பிடியில் விட்டேன். ஊரில் இதே சொல் வேறு இடத்தில் புழங்குகிறது: ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’. தன் மனம் தன் பிடியில் இல்லை. நிலத்துக்கும் மனத்துக்கும் ஒரே சொல். சட்டத்திலோ பிடிக்குத் தனி மதிப்பு உண்டு. அடுத்தவர் நிலத்தை வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளருக்கு எதிராகவே 12 வருடம் வைத்திருந்தால் எதிரிடை அனுபோகம் என்று உரிமை கேட்கலாம். அரசாங்க நிலமென்றால் 30 வருடம். சும்மா காவலுக்கு இருந்தவர் கேட்க முடியாது. பாட்டியம்மா ‘வாட்ச்மேனா’ என்று கேட்டதில் எவ்வளவு சட்டம் இருந்தது பாருங்கள்.

இனி அலுவலகச் சொற்கள். 1956-லேயே தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் பிறகு உத்தியோகப் பெயர்களுக்கெல்லாம் தமிழ் தேடினார்கள். கலெக்டர் என்றால் நேர் பொருளில் வரி தண்டுகிறவர். தமிழில் அவரை ஆட்சியர் ஆக்கிவிட்டார்கள். தாசில்தார் வட்டாட்சியர், ஆர்.டி.ஓ. கோட்டாட்சியர். ஆனால் கிராமத்துக்கு வந்ததும் ஆட்சி நின்றுவிடுகிறது: கிராம நிர்வாக அலுவலர். கிராமத்தை அவர் ஆள்வதில்லை, கணக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பெயர் வைத்தவர்கள் அப்படித்தான் யோசித்தார்களா என்று கேட்டால், அது என் ஊகம்தான். எங்கள் பக்கத்தில் முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் பார்வத்தியக்காரர். பழைய ஆதாரங்களைப் புரட்டினால் அந்தப் பெயர் கண்ணில் படும். இப்போது மக்கள் வாயில் எல்லாருக்கும் பொதுவாக ‘வில்லேஜ் ஆபீசர்’.

நிர்வாகமா மேலாண்மையா என்று நீங்கள் கேட்டதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிர்வாகம் வடசொல், ஒரு காரியத்தை முடிவுவரை கொண்டுசெலுத்துவது. மேலாண்மை அண்மைக்காலத்தில் பரவியது: நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை, மனிதவள மேலாண்மை. அலுவலக எழுத்தில் இரண்டும் நிலைத்துவிட்டன. ஆனால் சங்கத்தின் தலைவர், செயலரைச் சேர்த்துச் சொல்லும்போது ‘நிர்வாகிகள்’ என்பதே தமிழ்; ‘மேலாளர்கள்’ என்று போட்டால் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள். இந்த ‘ஆண்மை’யைக் கண்டு சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆண்களுக்கு மட்டுமா என்று. இங்கே ஆண்மை என்பது ஆளும் தன்மை. திருக்குறளிலேயே ‘இல்லாண்மை’ என்று ஒரு சொல் இருக்கிறது. “நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்” என்பது 1026-ஆவது குறள். பிறந்த குடும்பத்தை ஆளும் பொறுப்பைத் தனதாக்கிக்கொள்வது. ரெண்டு பசுவையும் ரப்பரையும் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா செய்வதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. படிவத்தில் போட முடியாது, அது வேறு.

கையாளுதல் பற்றி ஒரு எச்சரிக்கை. இது நல்ல சொல்: கோப்பைக் கையாளலாம், பணத்தைக் கையாளலாம், கோபக்கார மாமனாரைக்கூடக் கையாளலாம். ஆனால் பக்கத்திலேயே ‘கையாடல்’ உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கமிட்டி ஒரு திருவிழா முடிந்து நன்றி நோட்டீஸ் போட்டது. எழுதிக் கொடுத்தவன் நான். நான் எழுதினது “விழா நிதியைச் சிறப்பாகக் கையாண்ட பொருளாளர்”. அச்சில் வந்தது “சிறப்பாகக் கையாடிய பொருளாளர்”. ஆயிரம் நோட்டீஸ், பாதி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒருவர் கண்டுபிடித்தார். பொருளாளர் நல்ல மனிதர், மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்காதது என் தப்புதான். உங்களுடையது பணம் புழங்கும் சங்கம். இந்தச் சொல்லை எங்கே போட்டாலும் இரண்டு தடவை வாசியுங்கள். தனிச்சொல்லாக ‘கையாள்’ என்று போடவே போடாதீர்கள். அது அடியாளைக் குறிக்கும்.

அடக்குவதும் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. அடக்குவது மேலே இருந்து அமுக்குவது, கட்டுவது எல்லை போடுவது. கட்டுக்குள் இருக்கிற பொருள் உள்ளே அசையலாம், வளரலாம். ‘சர்க்கரை கட்டுக்குள் இருக்கு’ என்று டாக்டர் சொல்வார். ‘அடங்கி இருக்கு’ என்று சொல்ல மாட்டார். பேச்சிப்பாறை அணையின் உச்ச மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி என்பது எங்கள் மாவட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலத்தில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வரும். ஆற்றை யாரும் அடக்குவதில்லை. அடக்க நினைத்தால் என்ன ஆகும் என்பது திற்பரப்பு அருவியில் வெள்ளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனிதர்களிடத்தில் அடக்கு என்பது கடுமை, ஆனால் அதுவே தன்மேல் திரும்பினால் பெருமை: அடக்கமான பிள்ளை. அப்புறம், எங்கள் ஊர்களில் போஸ்டரில் ‘அடக்கம் மாலை 4 மணிக்கு’ என்று இருந்தால் யார் இறந்தது என்றுதான் பார்ப்போம். கிறிஸ்தவ வீடுகளில் அடக்க ஆராதனை. ஆகவே உங்கள் செயலியில் ‘கட்டணங்கள் அடக்கம்’ என்று தனியாக ஒரு பொத்தான் வைத்தால் சிரிப்பு வரலாம். ‘கட்டணம் உட்பட’ என்று வைத்துவிடுங்கள்.

கண்காணிப்பதும் இந்தக் குடும்பம்தான். எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுகிறவர்களுக்கு மேலே நின்று விரட்டுகிறவர் கங்காணி. கண்காணிதான் வாயில் தேய்ந்து கங்காணி ஆனது. அதே சொல் தேயாமல் நாகர்கோவிலுக்குப் போனால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். ஒருவரைக் கண்டால் சலிப்பு, இன்னொருவரைக் கண்டால் சல்யூட்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். அவர்கள் வாயில் சொல் இல்லாமல் இல்லை. நீங்கள் பெயர்ச்சொல்லைத் தேடினீர்கள், அவர்களிடம் இருப்பது வினைச்சொல். மாட்டைப் பார்த்துக்கிடுவார்கள். வீட்டை நடத்துவார்கள். கடைக்குட்டியைக் கட்டி மேய்ப்பார்கள் (‘உன்னக் கட்டி மேய்க்கதுக்குள்ள எனக்க சீவன் போவுது’ என்ற வசனம் கேட்காமல் குமரி மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது). ரப்பர் விலை விழுந்த மாதத்தில் சமாளிப்பார்கள். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட இரண்டாயிரம் குறைந்தால் எப்படியாவது ஒப்பேற்றுவார்கள். நாம் பேச்சில் ‘மேனேஜ் பண்ணிக்கிறேன்’ என்று சொல்வதில் பாதி இந்தச் சமாளிப்புதான். கையில் இருப்பது போதாது, ஆனாலும் ஓட்டிவிடுவேன் என்பது அதன் பொருள். அதைக் கொண்டுபோய் ‘நிர்வகித்துக்கொள்கிறேன்’ என்று எழுதினால் பொருளே செத்துப்போகும். நிர்வாகம் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். சமாளிக்க ஏதாவது இல்லாமல் இருக்க வேண்டும்.

சமாளி நம் சொல்தானா என்று ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். மராத்தியில் சாம்பாள், இந்தியில் சம்பால் என்று காப்பாற்றுவதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் சொல் உண்டு. அங்கிருந்து வந்தது என்பதே பொருந்துகிறது. வந்து நெடுநாளாகிறது, இனி அதற்குக் குடியுரிமை விசாரிப்பது வீண்.

வேர் பற்றி ஊரில் உலவும் இன்னும் சிலவற்றை நான் நம்புவதில்லை. ராஜா ‘ஆண்ட’ கணக்கால்தான் வருடத்துக்கு ‘ஆண்டு’ என்று பெயர் என்பார்கள். கேட்க அழகு. ஆனால் கல்வெட்டில் ராஜாவின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘யாண்டு’ என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். ஆணை, ஆணையர் எல்லாம் ஆள் என்பதிலிருந்து கிளைத்தவை என்பதும் அப்படித்தான். ஆணையை வடமொழியின் ஆக்ஞையோடு சேர்ப்பதே வழக்கம். ‘ஆட்சேபணை’யில் ஆட்சி இல்லவே இல்லை, அது உறுதி. வேலைக்கு வரும் ‘ஆளு’ம் நாட்டை ஆளும் ‘ஆளு’ம் ஒரே வேரா என்பதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. தெலுங்கில் ஆள்வதற்கு ஏலு என்கிறார்கள். ஆள்வதும் வேலைக்கு வரும் ஆளும் தனித்தனி என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி நீங்கள் அனுப்பியிருந்த வரிகள். ‘சங்கத்தின் நிதி நிர்வாகம்’, அப்படியே இருக்கட்டும். பணம் உறுப்பினர்களுடையது, சங்கம் அவர்களுக்காகப் பார்க்கிறது. ‘கடன் கட்டுப்பாடு’ என்றால் கடனே கொடுக்கமாட்டார்கள் போலத் தொனிக்கிறது, ‘கடன் வரம்பு’ என்று மாற்றுங்கள். ‘விதிகள் ஆட்சி செய்யும்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குப் பயமே வந்தது; ‘இந்த விதிகளுக்கு உட்பட்டது’ போதும். ‘சங்கத்தை நிர்வகிக்கும் உயர் அதிகாரம்’ என்பதில் அதிகாரத்தை எடுத்துவிட்டு அமைப்பு என்று போடுங்கள். நம் பேச்சில் ‘அதிகாரம் பண்ணுறான்’ என்பது புகார். செயலியில் உறுப்பினர் தொட வேண்டிய பொத்தானுக்கு ‘கணக்கை நிர்வகி’ என்று வைத்திருக்கிறீர்கள். கணக்கு அவருடையது, பணமும் அவருடையது. அவரிடம் போய் நிர்வகி என்பது அந்தப் பாட்டியம்மாவிடம் நான் பராமரிச்சு என்று வாசித்த மாதிரி. ‘என் கணக்கு’ என்று மட்டும் எழுதிவிடுங்கள், வினையே வேண்டாம்.